காலிப் பெஞ்சும் காத்திருக்கும் மாணாக்கரும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர்க்கு ஒரு சுதந்திரம் உண்டு. பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில், கால் நொந்தவன் நிருதி லிங்கத்தருகே ஒரு மரத்தடியில் உட்காரலாம். தண்ணீர் குடித்து இளைப்பாறிய பின் எழுந்து மேலே நடக்கலாம். "நீ உட்கார்ந்துவிட்டாய், ஆகவே இதுவரை நடந்த தூரம் கணக்கில் வராது, இந்திர லிங்கத்திற்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பி" என்று அவனிடம் எவரும் சொல்வதில்லை. நடந்தது நடந்ததே என்பது மலையைச் சுற்றுவோரின் தர்மம்.

இந்தச் சிறு நியாயம் நமது கலாசாலைகளின் வாசலில் செல்லுபடியாவதில்லை. ஓர் ஊரில் ஒரு வருஷம் படித்துத் தேறிய மாணாக்கன், குடும்பக் கஷ்டத்தினாலோ வேறு காரணத்தினாலோ மற்றோர் ஊரிலுள்ள கலாசாலையின் இரண்டாம் வருஷ வகுப்பில் சேர விரும்பினால், அவன் படும் பாட்டைச் சொல்லி முடியாது. வகுப்பில் இடம் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியாது. தனக்கு முன்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது. தான் தேறிய பாடங்களில் எவை ஏற்கப்படும் என்பது எவருக்குமே தெரியாது. இலவு காத்த கிளியைப் போல் அவன் காத்திருக்கிறான். காய் வெடிக்கும்போது ஒரு வருஷம் பஞ்சாய்ப் பறந்துவிடுகிறது.

ஒரு தந்தையின் கேள்வி

செங்கம் பக்கத்துக் குடியானவர் ஒருவர் சில காலத்திற்கு முன் நமது காரியாலயத்திற்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மகளின் மார்க் ஷீட்டுகள். பெண் சென்னையில் ஒரு கலாசாலையில் பி.எஸ்ஸி. கணிதம் முதல் வருஷம் படித்தவள். இரண்டு செமஸ்டரிலும் ஒரு பாடத்திலாவது அரியர் இல்லை. அந்தக் கோடையில் தாயார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையானார். வீட்டில் சமைக்க ஆள் வேண்டும். தாயாரைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். சென்னையில் ஹாஸ்டல் பணம் கட்டவும் வழியில்லை. பெண் ஊருக்குத் திரும்பினாள். படிப்பை விட அவளுக்கு மனமில்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு கலாசாலையில் இரண்டாம் வருஷத்தில் சேர மனுக் கொடுத்தாள்.

"இடம் இருந்தாலும் இருக்கும், பொறுத்துப் பார்" என்றார் ஒருவர். "முதலில் டி.சி. வாங்கி வா, அப்புறம் பேசலாம்" என்றார் மற்றொருவர். அவள் சென்னைக்குப் போய் டி.சி. வாங்கி வந்தாள். பிறகு சர்வகலாசாலையின் அனுமதி வரவேண்டும் என்றார்கள். அனுமதிக்கு வேண்டிய பாடத்திட்ட நகல் ஒரு முறை தேவைப்பட்டது. அதில் முத்திரை இல்லை என்று மறுமுறை திரும்பி வந்தது. ஆனி போய், ஆடி போய், ஆவணியும் வந்துவிட்டது. "இனிமேல் சேர்த்தால் வருகை நாள் போதாது, பரீட்சை எழுத முடியாது, அடுத்த வருஷம் வா" என்பதே கடைசியாய்க் கிடைத்த உத்தரவு. விட்டு வந்த இடம் போயிற்று; நாடி வந்த இடமும் கிடைக்கவில்லை.

இதில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்றுண்டு. அவள் சேர விரும்பிய வகுப்பில் அப்போது மூன்று இடங்கள் காலியாக இருந்தனவாம். முதல் வருஷ முடிவில் கல்யாணமாகிப் படிப்பை விட்டுப்போன பெண்களின் இடங்கள் அவை. படிக்க முடியாமல் போனவர்களின் பெஞ்சு வெறுமையாய்க் கிடக்க, படித்தே தீருவேன் என்று வந்தவள் வாசலிலே நின்றாள்.

அந்தக் குடியானவர் யார்மீதும் குறை சொல்லவில்லை. நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, எம் பொண்ணு பாஸ் பண்ணினது செல்லாதுங்களா?"

தொழிலால் நாம் வக்கீல். கேட்ட கேள்விக்குச் சட்டத்தைக் காட்டிப் பதில் சொல்லிப் பழகியவர்கள். அன்று நமக்கு உடனே பதில் வரவில்லை. அவருக்குச் சொல்லத் தவறிய பதிலை இன்று வாசகர்கள் முன்னிலையில் எழுத முற்படுகிறோம்.

இடம் எப்படிக் காலியாகிறது?

தமிழ்நாட்டு சர்க்கார் கலை அறிவியல் கல்லூரிகள் நூற்றறுபதுக்கு மேற்பட்டவை. அவற்றில் முதல் வருஷச் சேர்க்கைக்கு இப்பொழுது ஒரே இணையதளத்தின் வழியாய் விண்ணப்பம் பெறப்படுகிறது. மார்க்கு வரிசைப்படி பட்டியல் போடப்படுகிறது. 69 சதவிகித இடஒதுக்கீடு அனுசரிக்கப்படுகிறது. இஞ்சினீரிங், நர்ஸிங் முதலிய படிப்புகளுக்குச் சிலர் விலகிப்போனால், காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவர் அழைக்கப்படுகிறார். குறைகள் இருக்கலாம், ஆயினும் முறை என்று ஒன்று இருக்கிறது. 1966-ல் திருவண்ணாமலையில் சர்க்கார் கலைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது இவ்வூர் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. தனி ஜில்லாவானதே 1989-ல் தான். அந்நாளில் தகப்பனார் மகனை அழைத்துக்கொண்டு பிரின்ஸிபாலின் அறைக்கு வெளியே நிற்பது வழக்கம். முதல் வருஷத்தைப் பொறுத்தவரையில் அந்த நிலைமை பெரும்பாலும் மாறிவிட்டது.

இரண்டாம் வருஷத்தில்தான் இருள் சூழ்கிறது. முதல் வருஷ முடிவில் வகுப்பு சுருங்கிவிடுகிறது. ஒருவன் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்குப் போகிறான். ஒருவன் திருப்பூருக்குப் போகிறான். ஒருத்திக்கு மாலை விழுகிறது. இவ்வாறு காலியாகும் இடத்தில் புதிதாய்ப் பள்ளிக்கூடம் முடித்தவன் வந்து உட்கார முடியாது. அவனுக்கு முதல் வருஷம் தான் உண்டு. வேறு கலாசாலையில் முதல் வருஷம் தேறி மாறி வருபவன் ஒருவனால்தான் அந்த இடம் நிரம்பக்கூடும். அவனையும் சேர்க்காவிட்டால், உபாத்தியாயரின் சம்பளம், கட்டடம், ஆய்வுக்கூடம் எல்லாவற்றுக்கும் ஜனங்கள் கொடுத்த வரிப்பணம் அந்தப் பெஞ்சின் மீது இரண்டு வருஷம் வீணாய்க் கிடக்கும். அத்தகைய இடங்கள் எத்தனை என்று கலாசாலை வாசலில் எழுதி ஒட்டியதை நாம் கண்டதில்லை. மனுச் செய்தவர்களின் வரிசைப் பட்டியலையும் கண்டதில்லை. பட்டியல் இல்லாத இடத்தில் சிபாரிசு முளைக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்பது கோயிலூர்க்காரராகிய நமக்குப் பழகிய பழமொழி.

எல்லைக் கோடு

இடம் கிடைத்தாலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. ஒரே சர்வகலாசாலைக்கு உட்பட்ட இரண்டு கலாசாலைகளுக்கிடையே மாறுவதற்கே இரு பிரின்ஸிபால்களின் சம்மதமும் சர்வகலாசாலையின் அனுமதியும் கேட்கப்படுகின்றன. பழைய இடத்து வருகை நாட்களையும் புதிய இடத்து வருகை நாட்களையும் சேர்த்துக் கணக்கிட ஓர் உத்தரவு வேண்டும். சர்வகலாசாலை வேறாகிவிட்டாலோ, பாடங்களின் சமானத்தை நிர்ணயிப்பது தனி வழக்காகிவிடுகிறது.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே அறுபது எழுபது கிலோமீட்டர் தூரந்தான். 1857-ல் ஸ்தாபிக்கப்பட்ட சென்னை சர்வகலாசாலையின் ஆளுகையில் இரண்டு ஊர்க் கலாசாலைகளும் நெடுங்காலம் இருந்தன. 2002-ல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது இரண்டும் அதன்கீழ் வந்தன. 2021-ல் செய்யப்பட்ட சட்ட மாறுதல்களால் விழுப்புரம் ஜில்லாக் கலாசாலைகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. இருபது வருஷங்களுக்குள் ஒரே சாலையின் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டது. நிர்வாக சௌகரியத்தை உத்தேசித்துப் போடப்பட்ட கோடு அது. அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் விழுப்புரத்திலிருந்து வீடு மாறி வரும் பையனுக்கு அந்தக் கோடு மதிற்சுவராய் நிற்பது எந்த நியாயம்? போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் 1978 முதல் தன்னாட்சிக் கலாசாலைகள் ஏற்பட்டன. அவை தத்தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. கல்வியின் தரத்திற்கு இது நன்மை செய்திருக்கலாம். மாறிச் செல்லும் மாணாக்கனுக்கோ எல்லைகள் பெருகின.

பாடங்களில் அப்படி என்ன வித்தியாசம் என்று வாசகர்கள் கேட்கலாம். முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் துணைப்பாடமும், பிறகு திறன் வளர்ச்சி, சுற்றுச்சூழல் முதலியவை என்ற அமைப்பு தமிழ்நாடெங்கும் பெரும்பாலும் ஒன்றே. கணித மாணாக்கனுக்கு ஓரிடத்தில் துணைப்பாடம் பௌதிகம், மற்றோரிடத்தில் புள்ளியியல். ஓரிடத்தில் முதல் செமஸ்டரில் வரும் பாடம் மற்றோரிடத்தில் மூன்றாவதில் வரும். இது முகூர்த்த நாள் வித்தியாசம் போன்றது. சம்பந்தத்தையே முறிக்கத்தக்க வித்தியாசமன்று. விடுபட்ட ஒன்றிரண்டு பாடங்களை அடுத்த இரண்டு செமஸ்டரில் எழுதித் தேற வேண்டும் என்று நிபந்தனை போட்டால் விஷயம் முடிந்தது.

நமது தொழிலில் இதற்கு ஒப்பான காரியம் தினந்தோறும் நடக்கிறது. ஒரு சிவில் வழக்கை ஒரு கோர்ட்டிலிருந்து மற்றொரு கோர்ட்டுக்கு மாற்றினால், மாற்றப்பட்ட கட்டத்திலிருந்தே அதை மேலே நடத்தலாம் என்று 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 24-வது பிரிவு இடம் தருகிறது. விசாரித்து முடித்த சாட்சிகளை யெல்லாம் மறுபடியும் கூண்டில் ஏற்றித்தான் தீரவேண்டும் என்று கட்டாயமில்லை. சொத்து வழக்குக்குக் காட்டும் இந்தத் தயவை ஒரு வாலிபனின் ஆயுளில் ஒரு வருஷத்துக்குக் காட்டலாகாதா?

போஸும் அம்பேத்காரும்

இந்தக் கஷ்டம் புதியதன்று. தேசத்தின் பெருந்தலைவர்களும் இவ்வாசலில் நின்றிருக்கிறார்கள். 1916-ல் ஓட்டன் என்ற ஆசிரியர் சம்பந்தப்பட்ட சம்பவத்தின் பேரில் சுபாஷ் சந்திர போஸ் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜிலிருந்து நீக்கப்பட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் படிப்பின்றி இருக்க நேர்ந்தது. 1917-ல் அவர் மறுபடியும் படிக்க சர்வகலாசாலை அனுமதித்தது. அவர் ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜின் பிரின்ஸிபால் அர்க்ஹார்ட் அவர்களை அணுகினார். சேர்த்துக்கொள்ள அவருக்குச் சம்மதம். ஆனால் பிரஸிடென்ஸி காலேஜ் பிரின்ஸிபாலிடமிருந்து ஆக்ஷேபமில்லை என்று எழுத்து வாங்கி வரவேண்டும் என்றார். தம்மைத் துரத்திய கலாசாலையிடமே சீட்டு வாங்கவேண்டிய நிலைமை. அதை வாங்கித் தரும் பொறுப்பை அவருடைய தமையனார் சரத் சந்திர போஸ் ஏற்றார். சுபாஷ் மூன்றாம் வருஷ வகுப்பில் சேர்ந்தார். 1919-ல் தத்துவத்தில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார்.

சரத் போஸ் பாரிஸ்டர். அவருக்குக் கதவைத் தட்டத் தெரியும். தட்டினால் கதவு திறக்கும். செங்கத்துக் குடியானவர் மகளுக்குப் பாரிஸ்டர் தமையன் ஏது? நூறு வருஷங்களுக்குப் பிறகும், தேசம் சுதந்திரமடைந்த பிறகும், ஒருவரின் சீட்டை மற்றொருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் படிக்கவேண்டும் என்றால், இந்த ஒரு விஷயத்திலேனும் நாம் 1917-லேயே நின்றுகொண்டிருக்கிறோம் என்றே சொல்லவேண்டும்.

டாக்டர் அம்பேத்காரின் விருத்தாந்தம் மறு பக்கத்தைக் காட்டுகிறது. 1916-ல் அவர் லண்டன் பொருளாதாரக் கலாசாலையில் சேர்ந்தார். பரோடா சமஸ்தானத்தின் உதவிச் சம்பளம் முடிந்துவிடவே 1917-ல் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. நான்கு வருஷங்களுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் சர்வகலாசாலை அவருக்கு அனுமதி கொடுத்தது. 1920-ல் அவர் மறுபடியும் கப்பலேறினார். 1921-ல் எம்.எஸ்ஸி. பட்டமும் 1923-ல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். எழுத்து மூலமான ஒரே ஓர் அனுமதி அந்த மேதையின் இடத்தைக் காத்தது. அந்த எழுத்து இல்லாதிருந்தால் முன்பு செய்த படிப்பு என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நமது காலத்திலேயே நடந்த பெரிய உதாரணமும் ஒன்றுண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரேனில் யுத்தம் மூண்டபோது, அங்கே வைத்தியம் படித்துக்கொண்டிருந்த பல்லாயிரம் இந்திய மாணாக்கர்கள் உயிர் தப்பி ஊர் திரும்பினார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் ஏராளம். இந்தியக் கலாசாலைகளில் இவர்களைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று அவ்வருஷம் செப்டம்பரில் மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. வைத்தியப் படிப்பின் தரத்தைக் காக்கவேண்டும் என்ற கவலையை நாம் இகழமாட்டோம். ஆயினும் ஆறு வருஷப் படிப்பில் மூன்று நான்கு வருஷம் முடித்தவர்கள் எந்த ஊரிலும் இடமின்றி நின்றதை நாம் கண்டோம். இறுதி வருஷத்தாருக்கு இங்கேயே பரீட்சை எழுத ஒரு சந்தர்ப்பம் அளிக்கலாம் என்ற யோசனை 2023 மார்ச்சில்தான் கோர்ட்டின் முன் வந்தது. முன்கூட்டியே வழி வகுக்காத தேசம், ஆபத்து வந்த பிறகு வழி தேடுகிறது.

பிற தேசங்களில்

ஐரோப்பிய தேசங்கள் ஒன்றோடொன்று இரண்டு மகாயுத்தங்கள் செய்தவை. அவை 1987-ல் எராஸ்மஸ் என்ற மாணாக்கர் பரிவர்த்தனைத் திட்டத்தைத் தொடங்கின; 1989-ல் ஒரு பொதுக் கணக்கையும் ஏற்படுத்தின. ஒரு வருஷப் படிப்புக்கு 60 கிரெடிட் என்பது அந்தக் கணக்கு. ஜெர்மனியில் ஈட்டியதைப் பிரான்ஸில் கணக்கில் எடுத்துக்கொள்ள அதுவே அளவுகோலாயிற்று. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம் 1960-ல் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. வீட்டருகிலுள்ள சமுதாயக் கலாசாலையில் இரண்டு வருஷம் படித்தவன் பெரிய சர்வகலாசாலையின் மூன்றாம் வருஷத்தில் சேர்வதை அத்திட்டம் ராஜபாட்டையாகவே ஆக்கிற்று. அங்கும் மாறி வந்தவனுக்குத் தொல்லை இல்லாமலில்லை. பழைய மாணாக்கர்கள் முன்னதாகவே வகுப்புகளில் பதிந்துகொள்ள, புதிதாய் வந்தவன் போகும்போது வகுப்பு நிறைந்துவிடுவதுண்டு. அப்போது அவன் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்கிறான். பல கலாசாலைகளில் தனது வரிசை எண்ணை அவனே பார்க்கலாம். ஒருவன் விலகினால் அடுத்த எண்ணுக்கு இடம். எண் தெரிந்து காத்திருப்பதற்கும் எண் தெரியாமல் காத்திருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

நமது தேசத்திலும் யோசனை இல்லாமற் போகவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் கிரெடிட் வங்கி ஒன்றை ஏற்படுத்தி விதிகள் வெளியிட்டது. தேறிய பாடத்தின் கிரெடிட்டை அதில் ஏழு வருஷம் வரை சேமித்து வைக்கலாம் என்பது அதன் சாரம். வங்கியில் பணம் இருந்து என்ன? கடைக்காரன் அந்த நாணயத்தை வாங்கிக்கொண்டால்தானே அரிசி கிடைக்கும்? கிரெடிட்டை வைத்திருப்பவனுக்கு இடம் கொடுக்கவேண்டிய கடமை யாருக்கு, எத்தனை நாளில் என்பது தெளிவாகாதவரை வங்கிப் புத்தகம் வெறும் புத்தகமே.

மத்திய சர்க்காரின் 2020-ம் வருஷக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்க மறுத்ததை வாசகர்கள் அறிவார்கள். நடுவில் வெளியேற வசதி என்ற பெயரால் ஏழைப் பிள்ளைகள் நடுவிலேயே துரத்தப்படுவார்களோ என்ற பயம் அம்மறுப்புக்கு ஒரு காரணம். அந்தப் பயம் ஆதாரமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கலாசாலை மாறுவது வெளியேறுவது அன்று. வெளியேறாமல் இருப்பதற்குச் செய்யும் பிரயத்தனமே அது. ஆகவே அக்கொள்கையை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இவ்விஷயத்தில் ஒன்றுபடத் தடையில்லை.

ஆக்ஷேபங்கள்

கலாசாலை அதிகாரிகள் சொல்லும் ஆக்ஷேபங்களை அலட்சியம் செய்வது முறையன்று. அவர்களும் நல்லெண்ணம் உடையவர்களே. முதலாவது, மாற்றத்தை எளிதாக்கினால் கிராமத்துக் கலாசாலைகள் காலியாகி நகரத்துக் கலாசாலைகளில் கூட்டம் நெரியும் என்பார்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்கவேண்டாம்; காலியான இடத்தை மட்டும் நிரப்புக என்பதே நமது கோரிக்கை. அதனால் எந்த நகரமும் நிரம்பி வழியாது.

இரண்டாவது, முதல் வருஷத்தில் மார்க்குக் குறைவால் இடம் கிடைக்காதவன் வேறெங்கோ சேர்ந்து பின்வாசல் வழியாக வந்துவிடுவான் என்பார்கள். இது யோசிக்கத்தக்கது. சர்வகலாசாலைப் பரீட்சையில் முதல் வருஷம் பெற்ற மார்க்கைக் கொண்டே வரிசை போட்டால், வந்தவன் தன் தகுதியைக் கலாசாலையிலேயே நிரூபித்துவிட்டு வருகிறான். வரிசையைச் சுவரில் ஒட்டிவிட்டால் அது பின்வாசல் ஆகாது; தெருவாசலே ஆகும். சிபாரிசினால் நிரம்பும் இடந்தான் உண்மையில் பின்வாசல்.

மூன்றாவது, இவ்வளவு மனுக்களைப் பரிசீலிக்க ஆளும் முறையும் இல்லை என்பார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. டிப்ளமா தேறியவர்கள் இஞ்சினீரிங் கலாசாலைகளில் நேரடியாக இரண்டாம் வருஷத்தில் சேருகிறார்கள். காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இதற்கான கலந்தாய்வை நடத்தி வந்திருக்கிறது. விண்ணப்பம், தர வரிசை, இடங்களின் எண்ணிக்கை யாவும் பகிரங்கம். இஞ்சினீரிங்கின் இரண்டாம் வருஷக் கதவை ஒழுங்காய்த் திறக்கத் தெரிந்த சர்க்காருக்கு பி.ஏ., பி.எஸ்ஸி. வகுப்பின் கதவைத் திறக்கத் தெரியாது என்று யார் நம்புவார்கள்?

செய்யவேண்டியவை

நாம் கோருவது புதிய சட்டமன்று. ஓர் உத்தரவு போதும். ஒவ்வொரு சர்க்கார், உதவி பெறும் கலாசாலையும் கோடைப் பரீட்சை முடிவு வெளியான ஒரு வாரத்துக்குள் இரண்டாம், மூன்றாம் வருஷ வகுப்புகளில் உள்ள காலியிடங்களை வெளியிடவேண்டும். முதல் வருஷச் சேர்க்கைக்கு உள்ள இணையதளத்திலேயே மாற்றத்துக்கும் விண்ணப்பம் பெறவேண்டும். இடஒதுக்கீடு எவ்வாறு அனுசரிக்கப்படும் என்பதை எழுத்தில் வைத்து, தரவரிசையையும் காத்திருப்போர் பட்டியலையும் எண்ணுடன் வெளியிடவேண்டும். வியாதி, விதவை நிலை, அங்கக் குறைவு, தகப்பனாரின் உத்தியோக மாற்றம் முதலியவற்றுக்கு முன்னுரிமை உண்டா என்பதும் அதில் தெளிவாக வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் ஆம் அல்லது இல்லை என்ற பதில் கிடைக்கவேண்டும்; இல்லையென்றால் காரணம் எழுதப்படவேண்டும். தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகள் ஒன்றுகூடிப் பாடச் சமான அட்டவணை ஒன்றை ஒரே தடவை தயாரித்துவிட்டால், ஒவ்வொரு மாணாக்கனுக்காகவும் ஒவ்வொரு தடவை கமிட்டி கூடவேண்டியதில்லை.

இந்த உத்தரவைச் சர்க்காரிடமிருந்து பெறுவது தேசத் தொண்டர்களின் வேலை. ஜில்லாதோறும் உள்ள மாணாக்கர் சங்கங்களும் ஊர்ப் பெரியோர்களும் தத்தம் கலாசாலையில் எத்தனை இடம் காலி என்று கேட்கத் தொடங்கட்டும். 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் சர்க்கார் கலாசாலையிடம் இதைக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் வரவேண்டும். ஊர்வலம் போவதைவிட இந்தப் பத்து ரூபாய் சில சமயம் அதிக வேலை செய்யும்.

மாணாக்கருக்கு ஒரு வார்த்தை

உத்தரவு வரும்வரை காத்திருக்க முடியாத பிள்ளைகளுக்கு வக்கீல் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறோம். புதிய இடத்தில் சேர்த்துக்கொள்வதாக எழுத்தில் உத்தரவு கிடைக்கும்வரை பழைய இடத்தில் டி.சி. வாங்காதீர்கள், இதுவே முதலும் கடைசியுமான புத்திமதி. வாய்ச்சொல்லை நம்பி ஓடத்தை விட்டு இறங்கியவர்கள் நடுவெள்ளத்தில் நிற்கிறார்கள். மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். படித்து முடித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்ட நகலையும் பழைய கலாசாலை முத்திரையுடன் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சமானம் பார்க்கும்போது அதுவே உங்கள் சாட்சி. வருகை நாட்களின் சான்றும் அவ்வாறே. அசல் சான்றிதழ்களைக் கலாசாலைகள் பிடித்து வைக்கலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. டி.சி.யைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று பள்ளிக்கூடங்கள் விஷயத்தில் சென்னை ஹைகோர்ட் 2024-ல் சொல்லியிருக்கிறது. இவற்றைப் பணிவோடு, ஆனால் எழுத்தில், எடுத்துக்காட்டத் தயங்கவேண்டாம்.

அந்தக் குடியானவரிடம் நாம் அன்று சொல்லத் தவறியதை இப்போது சொல்லி முடிக்கிறோம். ஐயா, உமது மகள் பாஸ் பண்ணியது செல்லும். அவள் எழுதியது மெய்யான பரீட்சை. மார்க்குக் கொடுத்தது மெய்யான சர்வகலாசாலை. செல்லாதது அவளுடைய படிப்பன்று. காலியிடத்தை மறைத்து வைத்துக்கொண்டு படிக்க வந்தவளை நிறுத்தி வைக்கும் முறையே செல்லாதது. அவள் அடுத்த வருஷம் அந்த வகுப்பில் உட்காருவாளா என்பது நமக்குத் தெரியாது. தாயாருக்குப் பணிவிடை செய்துகொண்டே கணிதப் புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்க்கிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டோம். அவளுக்காக மூன்று பெஞ்சுகள் இன்னும் காலியாக இருக்கின்றன. அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கலாசாலை வாசலில் ஒட்டுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.